நாலாம் நம்பர் கோல்

அந்த அம்மாவிடம் கோலை மேசையில் உருட்டிக் காட்டச் சொன்னவர்கள் யாரும் இரண்டாவது தடவை அப்படிக் கேட்டதில்லை. பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. புதுக் கோல் ஒன்று கைக்கு வந்ததும் அதைப் பச்சைத் துணிமேல் வைத்து உருட்டுவார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதுகை வளைத்துக் குனிந்து பார்ப்பார்கள். நுனி ஒரு முடி அளவு ஆடினால் போதும், உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

"உருட்டறதுக்கு வாங்கறீங்களா, அடிக்கறதுக்கு வாங்கறீங்களா?" என்று அவள் கேட்பாள். அவர்கள் பதில் சொல்வதற்குள் கோல் அவள் கைக்குத் திரும்பியிருக்கும். "வீட்டுல மாவு தேய்க்கிற கட்டை இருக்கும், அதைப் போய் உருட்டுங்க. நல்லா உருளும்."

இப்படிப் பேசினால் எவன் வாங்குவான்? ஆனாலும் வாங்கினார்கள். ஒரு நாள் கழித்து, இரண்டு நாள் கழித்து, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்கள். ஏனென்றால் உருட்டும்போது ஆடாத கோல்கள் உலகத்தில் ஆயிரம் உண்டு. பந்தில் பட்டதும் கை வரைக்கும் வந்து 'சரி' என்று சொல்கிற கோல் எங்கேயாவது ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அந்த ஒன்றிரண்டைச் செய்யத் தெரிந்தவள் இவள். பதினோரு வருஷமாகச் செய்கிறாள். அவளைத் தெரிந்தவர்கள் மொத்தமே ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அந்த ஐம்பது பேரும் அவளைக் கடைசல் அக்கா என்பார்கள்.

அதற்கு முன்பு பதினேழு வருஷம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் நாற்காலிக் கால் கடைந்தாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது கால். ஒருநாள் மேற்பார்வையாளர், அவள் கடைந்த கால்கள் அளவு தவறு என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் நேராக அவருடைய அறைக்குள் போனாள். அவர் உட்காருகிற நாற்காலியைக் கவிழ்த்தாள், அளவுகோலை வைத்தாள், நாலு காலும் நாலு அளவு என்று முதலாளிக்குக் காட்டினாள். அந்த நாற்காலியைச் செய்தது மேற்பார்வையாளரின் மச்சான். சாயங்காலமே இவளுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். "நாற்காலி ஆடுதுன்னு சொன்னதுக்கு என் வேலை ஆடிப்போச்சு" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டு, கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். சாது. "ஊர்ல இருக்கிற அத்தனை மீட்டரையும் படிச்சுட்டேன். உன் மீட்டர் மட்டும் எனக்குப் பிடிபட மாட்டேங்குது" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வராது.

வேலை இல்லாத அந்த நாட்களில்தான் அவள் நாத்தனாரின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. டயர் கடைக்கு மேல் மாடியில் மூன்று மேசை, ஆறு குழல் விளக்கு, ஒரு குளிர்பானப் பெட்டி. அங்கே ஒருநாள் லாரி ஓட்டுகிற ஒருவர், ஆட்டம் தோற்ற ஆத்திரத்தில் கூடத்துக் கோலைத் தரையில் வீசினார். இவள் அதை எடுத்தாள். விரலால் மேலிருந்து கீழே தடவினாள். "இதைக் கடைஞ்சவன் தூங்கிக்கிட்டே கடைஞ்சிருக்கான். நீங்க தோத்ததுல பாதி உங்க தப்பு, பாதி அவன் தப்பு" என்றாள். லாரிக்காரருக்கு வாழ்க்கையில் யாரும் அவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை.

அப்படி ஆரம்பித்ததுதான். மரத்துக்கு வழி வீட்டுக்காரர் மூலமாகக் கிடைத்தது. மீட்டர் பார்க்கப் போன இடத்தில், ஒரு பழைய கூடைப்பந்து அரங்கின் தரைப்பலகையைப் பெயர்த்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். அத்தனையும் மேப்பிள். நாற்பது வருஷம் ஆட்கள் குதித்துக் குதித்து இறுகிப்போன மரம். இரண்டு வண்டி கொண்டுவந்து இறக்கினாள். ஒரு சலவைக் கடை காலி செய்துவிட்டுப் போன அறையை வாடகைக்குப் பிடித்தாள். பழைய லேத் ஒன்றைத் தவணையில் எடுத்தாள். சலவைக்காரர் உடைகளைத் தொங்கவிட்ட இரும்புக் கம்பிகள் கூரையில் அப்படியே இருந்தன. அவற்றில் இப்போது மரத்தண்டுகள் தொங்குகின்றன.

தொங்கவிடுவதுதான் இந்த வேலையில் பாதி. கோலின் முன்தண்டை ஒரே நாளில் கடைந்து முடிக்க முடியாதா என்றால், முடியும். அரை மணி நேர வேலை. ஆனால் மரம் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டு இருக்கும். வெட்டின பிறகுதான் அது சோம்பல் முறித்துத் திரும்பிப் படுக்கும். அதனால் ஒரு மெல்லிய சீவல், பிறகு இரண்டு மாதம் தொங்கல். இன்னொரு சீவல், இன்னும் இரண்டு மாதம். ஏழு சீவல். நடுவில் வளைந்துபோகிறவை வீட்டுக்குத் திரைச்சீலைக் கம்பாகப் போய்விடும். அவர்கள் வீட்டுத் திரைச்சீலைகள் தொங்குகிற மரத்துக்கு எந்த அரண்மனையிலும் ஈடு கிடையாது.

கோல் முடிந்ததும், பிடியின் அடிப்பக்கத்தில் சூடான ஆணியால் ஒரு சின்ன நாற்காலிக் கால் வரைவாள். அதுதான் அவள் முத்திரை. மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதில் கொஞ்சம் இருந்தது. மனுஷிதானே.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஷோரூம்காரர் வந்தார். பெரிய தெருவில் விளையாட்டுச் சாமான் ஷோரூம் வைத்திருப்பவர். அங்கே உள்ளே விளக்கெரியும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பில்லியர்ட்ஸ் கோல்கள் நிற்கும், எல்லாவற்றிலும் அவருடைய ஷோரூம் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். சலவை அறைக்குள் வந்தவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். ஆனால் ஒரு கோலை எடுத்து நாலு அடி அடித்துப் பார்த்ததும் கைக்குட்டை பைக்குப் போய்விட்டது.

"பிரமாதம் மேடம். வருஷத்துக்கு எத்தனை செஞ்சாலும் நான் எடுத்துக்கறேன். ஒரே ஒரு விஷயம். இந்த நாற்காலி கீற்காலி எல்லாம் வேண்டாம். எங்க பேரு போட்டாத்தான் விலை போகும்."

"பிள்ளையைப் பெத்தவ நான். இனிஷியல் உங்களுதா?"

"வியாபாரத்துல அப்படிப் பாத்தா முடியுமா மேடம்?"

"முடியாதுன்னா கதவு அந்தப் பக்கம். படி உயரமா இருக்கும், பாத்து இறங்குங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். சிரித்துக்கொண்டு இறங்குகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அடுத்த மாதமே கூடத்தில் பேச்சு கிளம்பியது. கடைசல் அக்காவின் கோல் மழைக்காலத்தில் வளைந்துவிடுமாம். உருட்டிக் காட்டப் பயப்படுவதே அதனால்தானாம். குப்பையில் பொறுக்கின மரமாம். சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பல் டாக்டர். எட்டு மாதமாக அவருக்கென்று தொங்கிக்கொண்டிருந்த தண்டு கூரையில் அப்படியே நின்றது.

அவளுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா! லேத்தை நிறுத்தினாள். தலையில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டவில்லை. நேராக நாத்தனார் கூடத்துக்குப் போனாள். ஷோரூம்காரர் அங்கே பல் டாக்டருக்கு ஏதோ ஒரு புதுக் கோலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஸ்டிக்கு வளையும்னு சொன்னீங்களாமே. எது வளைஞ்சுது? எடுங்க, காட்டுங்க."

"நான் பொதுவாச் சொன்னேன் மேடம்..."

"பொதுவா என்ன பொதுவா? ஊர்ல என்னைத் தவிர ஸ்டிக்கு செய்யறவங்க எத்தனை பேர் இருக்காங்க, பொதுவாச் சொல்றதுக்கு?"

கல்லாவில் இருந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, மூணு மேசையிலயும் ஆட்டம் நின்னுபோச்சு. உங்க வாய்க்கு ஒரு மூடி கடைஞ்சு போட்டுக்கக் கூடாதா?"

ஷோரூம்காரர் கெட்டிக்காரர். ஆள் கூடியிருக்கிறது என்று பார்த்துக் குரலைத் தழைத்தார். "இவ்வளவு நம்பிக்கை இருந்தா ஒரு போட்டி வைப்போம் மேடம். உங்க ஸ்டிக்கு ரெண்டு, என் ஸ்டிக்கு ரெண்டு. பிடி பூரா பேப்பர் சுத்திடலாம். யாருடையதுன்னு தெரியாம நாலு பேர் அடிச்சுப் பாக்கட்டும். உங்களோடது ஜெயிச்சா, உங்க நாற்காலி முத்திரையோடயே என் கண்ணாடிப் பெட்டியில வைக்கறேன். என்னோடது ஜெயிச்சா, நீங்க உங்க ரூமைப் பூட்டிட்டு என் ஷோரூமுக்கு வேலைக்கு வரணும். சம்பளம் தர்றேன், சும்மா இல்ல."

"சரி" என்று அவள் சொல்லி முடித்துவிட்டாள். நாத்தனார் கல்லாவை விட்டு எழுந்து வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டில் வீட்டுக்காரர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இப்படி ஒத்தக் கால்ல நிக்கறே? அந்த ரூம் இல்லாம நீ இருந்துடுவியா?"

"இருக்க மாட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தோக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாத்தனார்தான் நடுவர். நாலு கோல்களின் பிடியிலும் அவளே பேப்பர் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் மாற்றி வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சாக்பீஸால் எழுதினாள். அடித்துப் பார்க்க நாலு பேர். லாரிக்காரர், பல் டாக்டர், தையல்காரர், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்தான் அந்தக் கூடத்திலேயே நன்றாக ஆடுகிறவர். அதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள மற்ற மூன்று பேருக்கும் மனசு வராது.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோலாலும் பத்துப் பந்து அடித்தார்கள். ஒன்றும் மூன்றும் சீக்கிரமே ஒதுங்கின. லாரிக்காரர் இரண்டு என்றார். தையல்காரரும் இரண்டு என்றார். பல் டாக்டர் நாலு என்றார். கணக்கு டீச்சர் நாலை ஒருதரம், இரண்டை ஒருதரம், மறுபடி நாலை என்று மாற்றி மாற்றி அடித்துவிட்டு, "நாலு" என்று சொல்லிக் கோலை மெதுவாகக் கீழே வைத்தார்.

இரண்டுக்கு இரண்டு. நாத்தனார் முழித்தாள்.

"ஒரு யோசனை" என்றார் ஷோரூம்காரர். "அஞ்சாவது ஆளா மேடமே அடிச்சுப் பாக்கட்டும். அவங்க சொல்றதை நான் ஒத்துக்கறேன். அவங்க வாய் நீளமா இருக்கலாம், ஆனா பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஊரே சொல்லுது."

அந்த ஆள் அவளைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார். தன்னிடம் இருந்த கோல் எப்பேர்ப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் முதலில் இரண்டாம் நம்பரை எடுத்தாள். எடுத்த நொடியே தெரிந்துவிட்டது, தன்னுடையது. போன மழைக்காலத்தில் ஆறாவது சீவல் முடித்த தண்டு. அடித்தாள். தன் கைக்குத் தன் குரல் கேட்பதுபோல் இருந்தது. இரண்டு என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. ஷோரூம்காரரே ஒத்துக்கொள்வதாகச் சொல்லியாகிவிட்டது.

பிறகு நாலை எடுத்தாள். ஒரு அடி. பந்து போய் மூலைக் குழியில் விழுந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அடி. மூன்றாவது.

கோலின் முன்தண்டு நுனியிலிருந்து கொஞ்ச தூரம் ஒரே பருமனாக வரும். அதற்குப் பிறகு மெல்லப் பருக்கும். அவள் எப்போதும் ஒன்றரைச் சாணில் நிறுத்திவிடுவாள். அதைத் தாண்டினால் தண்டு துவண்டுபோகும் என்று பயம். பதினோரு வருஷமாக அதே இடத்தில் வந்து உளியை எடுத்துவிடுகிறாள். இதைச் செய்தவர் அங்கே நிற்கவில்லை. இன்னும் இரண்டு விரல் தூரம் போயிருக்கிறார். போயும் தண்டு துவளவில்லை. இது மெஷின் செய்த வேலை இல்லை. மெஷினுக்குப் பயமும் கிடையாது, துணிச்சலும் கிடையாது. எங்கேயோ ஒரு ஆள், தனியாக, தன் கையை நம்பி அந்த இரண்டு விரலையும் தாண்டியிருக்கிறார்.

வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாலு" என்றாள் அவள். "இது என்னோடது இல்ல. ஆனா இதுதான் நல்ல ஸ்டிக்கு."

"அண்ணி!" என்று நாத்தனார் கத்திவிட்டாள். நடுவர் கத்தக் கூடாது என்பது அவளுக்கு மறந்துபோயிற்று.

ஷோரூம்காரர் கையைத் தட்டினார். வந்து பேப்பரைக் கிழித்தார். தங்க எழுத்தில் ஷோரூம் பெயர் மின்னியது. "பாத்தீங்களா? பேருன்னா சும்மாவா?"

அவள் கோலை அவர் கையிலிருந்து வாங்கினாள். தங்க எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். பிறகு பக்கத்தில் தடவினாள். பிறகு மறுபடி எழுத்தின்மேல்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"எங்க மேடம்?"

"இந்த ஸ்டிக்கருக்கு அடியில. பள்ளமா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அங்க மட்டும் புது வார்னிஷ் அடிச்சிருக்கீங்க. பழைய வார்னிஷுக்கும் புதுசுக்கும் நடுவுல நகம் தட்டுது. யாரு முத்திரையை முழுங்கினீங்க?"

ஷோரூம்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கோல் செய்கிற ஒருத்தியின் கையில் அதைக் கொடுத்தால் விரல் எங்கே போய் நிற்கும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. அவரிடம் வாங்குகிறவர்கள் எல்லாம் உருட்டித்தானே பார்ப்பார்கள்.

"அது... சப்ளை பண்றவங்க விஷயம். வியாபார ரகசியம் மேடம்."

கூடம் கொதித்தது. லாரிக்காரர் சட்டைக் கையை மடித்தார். "பந்தயம் செல்லாது! அது அவரோட ஸ்டிக்கே இல்ல" என்று தையல்காரர் எகிறினார். நாத்தனாரும் செல்லாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"யாரும் எனக்குப் பரிஞ்சுகிட்டு வர வேண்டாம்" என்றாள் அவள். "தோத்தது தோத்ததுதான். ஆனா இவர்கிட்ட தோக்கல. யாருன்னே தெரியாத ஒரு ஆள்கிட்ட தோத்திருக்கேன். அது யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வேலைக்கு வர்றேன். கடையைத் திறந்து வைங்க."

திங்கட்கிழமை சலவை அறையைப் பூட்டிவிட்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கவே மாட்டேன் என்றார். கடைசியில் அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு நடந்தாள்.

ஷோரூமில் பின்பக்கம் ஒரு அறை. ஜன்னல் இல்லை. மேசைமேல் உப்புத்தாள், வார்னிஷ் டப்பா, தங்க எழுத்து ஸ்டிக்கர் ஒரு கட்டு. கீழே ஒரு நீளமான அட்டைப் பெட்டி, அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தது.

"ஸ்டிக்கு நுனியில தோல் டிப் ஒட்டற வேலை மத்தியானம் வரும் மேடம்" என்றார் ஷோரூம்காரர். தோற்றவளிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினார், கொஞ்சம் இனிப்பு தூக்கலாக. "அதுக்குள்ள இந்த ஆறையும் முடிச்சிடுங்க. பிடிக்கு அடியில ஒரு அடையாளம் இருக்கும். அதைத் தேய்ச்சுட்டு, வார்னிஷ் போட்டு, நம்ம பேரை ஒட்டிடுங்க. உங்க கைக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை."

அவர் போனதும் பெட்டியைப் பிரித்தாள். ஆறு கோல்கள், ஒவ்வொன்றும் பழைய துணியில் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. கட்டின முடிச்சுகூட ஒரே மாதிரி. முதல் கோலைத் திருப்பினாள். பிடியின் அடியில் சுட்டு எழுதின ஒரு சின்னச் சாவி. நகத்தளவு. பல்லெல்லாம் தெளிவாக இருந்தது. அந்தச் சாவிக்கே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. யாரோ ஒருத்தருக்காக அழுகிறோமா, கூரையில் தொங்குகிற தன் தண்டுகளுக்காக அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உப்புத்தாளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். அட்டைப் பெட்டியின் மேல் அனுப்புகிறவர் இடத்தில் ஒரு வெளியூர் போன் நம்பர் மட்டும் எழுதியிருந்தது. அதைப் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு ஆறு கோல்களையும் அள்ளிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

ஷோரூம்காரர் வங்கிக்குப் போயிருந்தார். அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்தவற்றை விரலால் தடவிப் பார்த்து ஒரு ஓரமாக நகர்த்தினாள், பாதிக் கோல்களில் அதே பள்ளம். இந்த ஆறையும் தலைகீழாக, பிடி மேலே வருகிறபடி, சாவி முத்திரை வாசலைப் பார்க்கிறபடி நிறுத்தினாள். அப்புறம் வருகிறவர்களை வரவேற்க ஆரம்பித்தாள்.

"வாங்க சார். இந்தச் சாவி போட்டிருக்கே, இதைச் செஞ்சவர் வெளியூர்ல இருக்கார். இந்தக் கடையில தங்க எழுத்து போட்டு விக்கறாங்களே, அதுல பாதி இவர் செஞ்சதுதான். நீங்க போன வருஷம் வாங்கினீங்களா? கொண்டுவாங்க, ஸ்டிக்கரைப் பிச்சுக் காட்டறேன். இல்ல சார், இல்ல, நல்ல ஸ்டிக்குதான். ஊர்லயே நல்ல ஸ்டிக்கு. பேருதான் திருட்டுப் பேரு."

பதினோரு மணிக்குள் ஷோரூமில் ஒன்பது பேர். அதில் நாலு பேர் தங்கள் கோல்களோடு வந்து நின்று, நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரும் அதில் ஒருவர். அடியில் சாவியின் தலைப்பகுதி மங்கலாகத் தெரிந்ததும், சொத்தைப் பல்லில் தங்கம் கண்டவர் மாதிரி, "இருக்கு, இருக்கு!" என்று கூவினார். வங்கியிலிருந்து திரும்பிய ஷோரூம்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மேடம், என்ன இது?"

"நீங்க சொன்ன வேலைதான். அடையாளத்தைக் கவனிக்கச் சொன்னீங்க, கவனிச்சுட்டேன்."

"வெளிய போங்க! இந்த நிமிஷமே வெளிய போங்க! நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேலையை விட்டு எடுக்கறீங்களா?"

"எடுத்தாச்சு!"

"சாட்சி இருக்கு" என்றாள் ஒன்பது பேரையும் பார்த்து. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு படி இறங்கினாள்.

வழியில் கூடம். நாத்தனார் கல்லாவில் இருந்தபடியே முழுக்கதையையும் கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அவளும் நடுவராக இருந்தவள் இல்லையா, திடீரென்று முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"இருங்க அண்ணி. பந்தயம் என்ன? ரூமைப் பூட்டணும், வேலைக்குப் போகணும். பூட்டினீங்களா?"

"பூட்டினேன்."

"போனீங்களா?"

"போனேன்."

"எத்தனை நாளைக்குன்னு யாராவது பேசினோமா?"

"பேசல."

"அப்ப முடிஞ்சுபோச்சு. நடுவர் தீர்ப்பு. போய் ரூமைத் திறங்க. இனிமே பந்தயம் கட்டறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுக் கட்டுங்க, புண்ணியமாப் போகும்." சொல்லிவிட்டு ஒரு குளிர்பானத்தை உடைத்து அண்ணி கையில் வைத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் சும்மா கொடுத்த முதல் குளிர்பானம் அதுதான்.

மதியம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே தண்டுகள் அதே இடத்தில் தொங்கின. அவள் முக்காலியை இழுத்து லேத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, முன்கையைப் பார்த்து நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு லேத் ஓடுகிற சத்தம் முதலில் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஆள் குரல்.

"யாரு?" என்றார் ஒரு ஆண். வேலையில் தொந்தரவு செய்கிறாயே என்கிற குரல்.

"நானும் ஸ்டிக்கு செய்யறவதான். நேத்து உங்க ஸ்டிக்கு ஒண்ணு என்னோடதைத் தோக்கடிச்சிருச்சு. எல்லார் முன்னாலயும்."

லேத் நின்றது.

"என்னோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைப் பேர்லதானே போகுது?"

"சாவியைச் சுரண்டியிருந்தாங்க. விரலுக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு முழுச் சாவியையும் பாத்தேன்."

அந்தப் பக்கம் முக்காலி ஒன்றை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"சுரண்டறாங்கன்னு தெரியும்" என்றார் அவர். "தெரிஞ்சுதான் ஒவ்வொண்ணுலயும் போட்டு அனுப்பறேன். நாலு வருஷமா அனுப்பறேங்க. யார் கைக்குப் போகுது, எப்படி ஆடுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல." அப்புறம்தான் கேட்டார், "நல்லா... ஆடுதா?"

அவள் யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவள். லாரிக்காரருக்குச் சொன்ன அந்த ஒரு ஆறுதல்கூடத் திட்டில்தான் போய் முடிந்தது. இப்போது போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆடுது. எனக்கு வயிறு எரியற அளவுக்கு நல்லா ஆடுது. ஒன்றரைச் சாண் தாண்டி ரெண்டு விரல் போனீங்க பாருங்க, அந்தத் தைரியம் எனக்கு இத்தனை வருஷத்துல வரல. இன்னிக்கே தொங்கற தண்டுல ஒண்ணைக் கீழ இறக்கி, நானும் அந்த ரெண்டு விரல் போகப் போறேன். உங்க பேரைச் சொல்லுங்க."

"பேரு எதுக்குங்க?"

"எதுக்கா? அடுத்த தடவை யாரைத் தோக்கடிக்கப் போறேன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் பேரைச் சொன்னார். முதலில் மெதுவாகச் சொன்னார். "சத்தமா!" என்று இவள் அதட்டியதும் முழுசாகச் சொன்னார். அவள் பென்சிலை எடுத்து, லேத்தின் தலையில், வேலை செய்யும்போது கண் படுகிற இடத்தில், அதைப் பெரிதாக எழுதினாள்.